காலும் அரையும்: பட்டியல்களில் நிறுத்தக்குறிகளின் ஆட்சி குறித்த ஓர் ஆய்வு

பட்டியல் இரண்டு வகைப்படும். உருப்படி ஒவ்வொன்றும் ஒற்றைச் சொல்லாகவோ பிரிக்கக் கூடாத ஒரு தொடராகவோ நிற்பது எளிய பட்டியல். உருப்படிக்குள்ளேயே இன்னொரு பட்டியல் குடித்தனம் நடத்துவது கலப்புப் பட்டியல். “இட்லி, வடை, பொங்கல்” என்பது முதல் வகை. “இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி; பொங்கல், கொத்சு; பூரி, கிழங்கு” என்பது இரண்டாம் வகை. முதல் வகைக்குக் காற்புள்ளி போதும். இரண்டாம் வகையில் உள்ளே பிரிக்கக் காற்புள்ளியும் வெளியே பிரிக்க அரைப்புள்ளியும் வேண்டும். ஒருவருடைய நிலத்துக்குள் வரப்பு போதும், பக்கத்து நிலம் தொடங்கும் இடத்தில் வேலி வேண்டும் என்பதற்கு மேல் இதில் தத்துவம் எதுவும் இல்லை. ஆயினும் இந்த ஒரே விதியைக் கடைப்பிடிக்கும் கல்யாண அழைப்பிதழோ சமையல் பட்டியலோ கண்ணில் படுவது அரிதாக இருப்பதால், பொருள் ஆய்வுக்கு உரியதாகிறது.

தமிழில் இக்குறிகள் பின்னத்தால் பெயர் பெற்றவை. கால், அரை, முக்கால், முற்று என்று அவை வரிசையாக ஏறும். ஆங்கிலத்தின் கமாவும் கோலனும் கிரேக்கச் சொற்கள். ஒன்றுக்குத் துண்டு என்றும் மற்றொன்றுக்கு உறுப்பு என்றும் பொருள். அளவுக் கணக்கு அவற்றில் இல்லை. செமிகோலன் என்பதில் மட்டும் ‘பாதி’ என்னும் கணக்கு உண்டு. ஆனால் அது கோலனில் பாதி. கோலன் தமிழில் முக்காற்புள்ளி. முக்காலில் பாதி எட்டில் மூன்று, பழைய வாய்பாட்டின்படி காலே அரைக்கால். ஆங்கிலத்தை அப்படியே பின்பற்றியிருந்தால் தமிழ்ப் பிள்ளைகள் இன்று காலே அரைக்கால் புள்ளி வைத்துக்கொண்டிருப்பார்கள். பெயர் சூட்டியவர்கள் கோலனை விட்டு முற்றுப்புள்ளியை முழு அலகாகக் கொண்டதால் அந்தத் தொல்லை தவிர்ந்தது. முந்திரி வரை, அதாவது முந்நூற்றிருபதில் ஒன்று வரை பெயர் வைத்திருந்த ஒரு மொழி, புள்ளிகளில் காலோடு நின்றுகொண்டது அதன் தன்னடக்கத்தையே காட்டுகிறது.

நிறுத்தும் நேரத்தையும் இதே ஏணியில் வைத்து, காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று அளப்பது பள்ளி இலக்கண வழக்கம். மாத்திரை என்பது இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம். மேலே கண்ட சிற்றுண்டிப் பட்டியலில் நான்கு காற்புள்ளிகளும் இரண்டு அரைப்புள்ளிகளும் உள்ளன. கடைசி முற்றுப்புள்ளியையும் சேர்த்தால் வாசிப்பவர் 12 மாத்திரை வாய்மூடி இருக்க வேண்டும். பசித்தவன் 12 முறை கண்ணிமைக்கும் வரை யாரும் பட்டியல் வாசித்ததில்லை. மேலும், கணக்கின்படி இரண்டு கால் சேர்ந்தால் அரை. ஆயினும் இரண்டு காற்புள்ளிகளை அடுத்தடுத்து இட்டால் அரைப்புள்ளி கிடைக்காது. மெய்ப்புத் திருத்துபவரின் சுழிதான் கிடைக்கும்.

ஓலைச்சுவடிகளில் இச்சிக்கல் எழவில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டுவிட்டு எழுதியவர்கள், பட்டியலுக்காகப் புள்ளி வைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அரைப்புள்ளி பிறந்தது தாளும் மையும் பெருகிய வெனிஸ் நகரில். ஆல்துஸ் மனூசியஸ் தம் அச்சகத்தில் 1496இல் பியெத்ரோ பெம்போவின் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். பெம்போ எட்னா எரிமலையில் ஏறிய கதை அது. பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய எழுத்துகளோடு இந்தக் குறியும் அதில் அச்சேறியது. தமிழில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் கொல்லத்தில் அச்சானது 1578இல். அப்போது அரைப்புள்ளிக்கு வயது 82. பிறகும் தமிழுக்கு அது அவசரமாகத் தேவைப்படவில்லை. உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாக ஆண்ட முன்னோடி என்று ஆறுமுக நாவலரை (1822–1879) போற்றுவது வழக்கம். கிரேக்கர்களோ இதே உருவத்தை வினாக்குறியாக வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஒழுங்காகக் குறியிட்ட சிற்றுண்டிப் பட்டியலை ஒரு கிரேக்கரிடம் நீட்டினால், சட்னி வேண்டுமா, கொத்சு வேண்டுமா என்று உபசரிப்பதாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

தமிழுக்கு அவசரம் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. குறி செய்ய வேண்டிய வேலையை உம்மை செய்துகொண்டிருந்தது. ‘சேரனும் சோழனும் பாண்டியனும் வந்தனர்’ என்னும்போது ஒவ்வொரு மன்னனும் தன் உம்மையைத் தானே சுமந்து வருகிறான். அங்கே காற்புள்ளி இடுவது, குடை பிடித்து வருபவனுக்கு இன்னொரு குடை பிடிப்பதாகும். உம்மையை நீக்கி ‘சேரன் சோழன் பாண்டியன் மூவரும் வந்தனர்’ என்றும் சொல்லலாம். இது செவ்வெண். பெயர்ச் செவ்வெண் இறுதியில் தொகை பெறும் என்பது 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் விதி. இந்தத் தொகையின் அருமை இன்னும் சரியாக உணரப்படவில்லை. அது உள்ளேயே அமைந்த தணிக்கை. மூவர் என்று எழுதிவிட்டு நான்கு பெயரைச் சொன்னால் திருட்டு அங்கேயே பிடிபடும். காற்புள்ளி பிரிக்கும், ஆனால் எண்ணாது.

இன்னும் நுட்பமான கருவி ஒற்று. ‘இட்லிப் பொடி’ என்று ப் போட்டால் அது இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் பொடி, ஒரே பொருள். ‘இட்லி பொடி’ என்று விட்டால், ‘செடி கொடி’ போல உம்மைத்தொகை. இட்லியும் பொடியும் என இரண்டு பொருள். உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது என்று பள்ளியில் மனப்பாடம் செய்த விதியின் பயன் சிற்றுண்டிக் கடையில்தான் முழுதாக விளங்குகிறது. போடாத ப் ஒன்று காற்புள்ளியின் வேலையைக் காதும் காதும் வைத்தாற்போல் செய்து முடிக்கிறது. ஒற்று உதவாத இடங்களில் மட்டும் காற்புள்ளி வெளிப்படையாக வர வேண்டும். ‘சாம்பார் வடை’ ஒரு கிண்ணம். ‘சாம்பார், வடை’ ஒரு கிண்ணமும் ஒரு தட்டும். ‘தயிர் வடை’க்கும் ‘தயிர், வடை’க்கும் இடையே விலையிலும் வித்தியாசம் உண்டு.

பட்டியலை மூடும் சொற்களில் ‘ஆகிய’ கதவைத் தாழிடுகிறது. ‘முதலிய’ ஒருக்களித்து வைக்கிறது. இரண்டும் ஒன்றே என்று எழுதுபவர்கள் பெருகிவிட்டார்கள்.

விகுதிகளின் வலிமையை அறிய அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த வழக்கு ஒன்று பயன்படும். கூடுதல் நேர ஊதியம் பெறாத வேலைகளை அம்மாநிலச் சட்டம் வரிசைப்படுத்தியிருந்தது. உணவுப் பொருள்களை டின்னில் அடைத்தல், பதப்படுத்தல், உலர்த்தல், சேமித்தல் என்று காற்புள்ளிகளோடு போன பட்டியல், கடைசியில் ‘அனுப்புவதற்கு அல்லது விநியோகத்துக்குக் கட்டுதல்’ என்றோ ‘அனுப்புவதற்குக் கட்டுதல் அல்லது விநியோகித்தல்’ என்றோ இரு விதமாகவும் படிக்கும்படி, ‘அல்லது’வுக்கு முன் காற்புள்ளி இல்லாமல் முடிந்தது. ஓக்ஹர்ஸ்ட் என்னும் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் பாலை விநியோகித்தார்கள், கட்டவில்லை. தங்கள் வேலை பட்டியலில் இல்லை, ஆகவே கூடுதல் ஊதியம் உண்டு என்றார்கள். 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. ஒரு காற்புள்ளிக்கு இவ்வளவு விலை கிடைக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் அச்சுக்கோப்பவர்கள் வேறு விதமாகக் கூலி பேசியிருப்பார்கள். இந்த ஆய்வுக்கு முக்கியமான செய்தி அதற்குப் பிறகு வருகிறது. சட்டத்தைத் திருத்தியவர்கள் விட்டுப்போன காற்புள்ளியைச் சேர்க்கவில்லை. இருந்த காற்புள்ளிகளையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் இடையே அரைப்புள்ளி நட்டார்கள். வரப்புத் தகராறு வந்த வயலைச் சுற்றி முள்வேலி போடுவது எங்கும் உள்ள வழக்கம்.

இதே பட்டியலை நல்ல தமிழில் எழுதியிருந்தால் வழக்கே எழுந்திராது. ‘அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ கட்டுதல்’ என்று எழுத வேண்டும். அல்லது ‘அனுப்புவதற்காகக் கட்டுதலோ விநியோகித்தலோ’ என்று எழுத வேண்டும். ஓகாரம் எங்கே ஒட்டுகிறதோ அங்கே வழக்கறிஞரின் வேலை முடிந்துவிடுகிறது. இவ்வளவு பாதுகாப்பாக இருந்த கோட்டைக்குள் ‘மற்றும்’ நுழைந்தது. ‘அனுப்புதல் மற்றும் விநியோகத்துக்காகக் கட்டுதல்’ என்று எழுதிப் பார்த்தால், மெய்ன் மாநில வழக்கு முழுவதையும் தமிழ்நாட்டுக்கு இறக்குமதி செய்தாயிற்று. ‘பள்ளி மற்றும் கல்லூரிகளில்’ என்னும் அறிவிப்பில் கல்லூரிகள் பல, பள்ளி ஒன்றுதானா என்ற கேள்விக்கும் விடை இல்லை. உம்மையைச் சுமக்கச் சோம்பல்பட்ட பெயர்களுக்கு அமர்த்திய கூலியாள் ‘மற்றும்’. சுமையை எந்த வீட்டில் இறக்குவது என்பது அவனுக்குத் தெரியாது.

எனினும் விகுதிகள் காக்க முடியாத ஒரு வாசல் உண்டு. அடைமொழி முன்னால் வருவது; அதன் ஆட்சி எதுவரை என்று எந்த விகுதியும் சொல்வதில்லை. ‘மணப்பாறை முறுக்கு, சீடை, அதிரசம்’ என்ற பட்டியலில் சீடையும் மணப்பாறையிலிருந்துதான் வர வேண்டுமா? ‘புளித்த மோர், பால், வெண்ணெய்’ என்பதில் பாலின் கதி என்ன? இதற்கு இரண்டு வைத்தியங்கள் உண்டு. முதலாவது, அடைமொழி பெற்றதைக் கடைசிக்குத் தள்ளுவது. ‘சீடை, அதிரசம், மணப்பாறை முறுக்கு’ என்றால் ஐயம் இல்லை, ஏனெனில் தமிழ் அடைமொழி பின்னோக்கிப் பார்ப்பதில்லை. செலவில்லாத வைத்தியம் இது. ஊர் பெருகும்போது மட்டும் இது பலிக்காது. அப்போது அரைப்புள்ளி வேண்டும்: திருநெல்வேலி அல்வா; சாத்தூர் சேவு, மிக்சர்; கோவில்பட்டி கடலைமிட்டாய்; ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. இங்கே மிக்சர் சாத்தூருடையது என்பது தெளிவு. அரைப்புள்ளிகளைக் காற்புள்ளிகளாக மாற்றினால் மிக்சர் ஊர் பெயர் தெரியாத அநாதையாகிவிடும்.

இனிக் கல்யாண விருந்து. ஆறு பண்டங்கள் உள்ள பட்டியலில் ஐந்து இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் காற்புள்ளியோ அரைப்புள்ளியோ வரலாம். ஆகவே குறியிடும் வழிகள் 32. இலையில் 22 பண்டங்கள் வைக்கும் வீட்டுக்கு 21 இடைவெளிகள், வழிகள் 20,97,152. இவற்றில் பெண்வீட்டார் மனத்தில் இருப்பது ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் மனத்தில் இருப்பது வேறொன்று. எழுதுபவர் தேர்ந்தெடுப்பதோ எல்லா இடத்திலும் காற்புள்ளி என்னும் மூன்றாவது. ‘இட்லி, வடை, சாம்பார், பொங்கல், கொத்சு, கேசரி’ என்று வெறும் காற்புள்ளியில் எழுதினாலும் சமையற்காரர் கொத்சுவைப் பொங்கலோடுதான் சேர்ப்பார். கேசரியில் ஊற்ற மாட்டார். பழக்கம் இருக்கும் இடத்தில் அரைப்புள்ளிக்கு வேலை குறைவு என்பது இதனால் பெறப்படும். சிக்கல் சட்னிகளில் தொடங்குகிறது. மூன்று சட்னிகளும் எல்லாப் பண்டத்துக்கும் உரியவையா, ஆளுக்கொரு துணையா என்பது காற்புள்ளியால் சொல்லக்கூடியதன்று. பந்தி பாதி நடக்கும்போது தக்காளிச் சட்னி தீர்ந்துபோவதன் இலக்கணக் காரணம் இதுவாக இருக்கலாம்.

பேச்சில் அரைப்புள்ளி இல்லை என்று பலரும் நினைப்பதுண்டு. உணவகத்தில் ‘என்ன இருக்கு?’ என்று கேட்டு, பரிமாறுபவர் சொல்வதைக் கூர்ந்து கேட்டால் அந்த எண்ணம் மாறும். “இட்லி வடை பொங்கல் பூரி இருக்கு சார், தோசைல பாத்தீங்கன்னா ப்ளெய்ன் மசால் ஆனியன் ரவா நெய் ரோஸ்ட், ஊத்தப்பத்துல பாத்தீங்கன்னா…” என்று அவர் ஒரே மூச்சில் போவார். உருப்படிகளுக்கு இடையே மாத்திரை அளவுகூட நிறுத்தம் கிடையாது. ஆனால் இனம் மாறும் இடத்தில் ‘பாத்தீங்கன்னா’ தவறாமல் வந்து விழும். யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. அது சொல்லே அன்று, ஒலிவடிவில் வந்த அரைப்புள்ளி. வெனிஸ் அச்சகத்தை அறியாத பரிமாறுபவர் ஒருபோதும் பிழையில்லாமல் இடும் அதே குறியை, அவர் தலைக்கு மேலே தொங்கும் விலைப்பலகை ஒருமுறைகூடச் சரியாக இடுவதில்லை.

அழைப்பிதழ்களின் நிலை மேலும் இரங்கத்தக்கது. பெயர், பட்டம், பதவி, ஊர் என ஒரே ஆளுக்கு நான்கைந்து துண்டுகள் சேர்வதால், ஆள்பட்டியல் எப்போதுமே கலப்புப் பட்டியல். மூவேந்தரும் இக்காலத்தில் ஒரு திருமணத்துக்கு முன்னிலை வகித்தால் அழைப்பிதழ் இப்படி இருக்கும்: சேரன், பி.ஏ., பி.எல்., வழக்கறிஞர், வஞ்சி, சோழன், எம்.பி.பி.எஸ்., அரசு மருத்துவர், உறையூர், பாண்டியன், ஊராட்சித் தலைவர், மதுரை. ஆட்கள் மூவர், காற்புள்ளி பிரித்த துண்டுகள் 12. சோழன் வஞ்சிக்காரனா, அரசு மருத்துவர் என்பவர் தனி ஆளா என்று பந்தலில் நிற்பவர்கள் தாமாகவே ஊகித்துக்கொள்ள வேண்டும். வஞ்சிக்குப் பின்னும் உறையூருக்குப் பின்னும் இரண்டே இரண்டு அரைப்புள்ளிகள் இட்டிருந்தால் மூன்று அரசுகளின் எல்லையும் தெளிவாகியிருக்கும். ஒவ்வொருவரையும் தனி வரியில் அச்சிடுவதும் ஒரு வழிதான். ஆனால் அதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ உறவினர் பெயர்கள் ஏற்கெனவே குடியேறியிருக்கும்.

இங்கே பட்டத்துக்குப் பின் வரும் குறியையும் கவனிக்க வேண்டும். ‘பி.ஏ.,’ என்று முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் ஒட்டிப் பிறந்த இரட்டையாக வருகின்றன. முன்னது சுருக்கத்தின் புள்ளி, பின்னது பட்டியலின் குறி என்று விளக்கம் சொல்லலாம். கூட்டினால் ஒன்றேகால் புள்ளி. மாத்திரைக் கணக்கில் ஐந்து. சுவரொட்டிகளில் பட்டியலே இல்லாமல் ஒற்றைப் பட்டம் மட்டும் வரும் இடத்திலும் இந்தக் காற்புள்ளி நிற்கிறது: ‘பி.ஏ., அவர்கள்’. அங்கே அது எதையும் பிரிக்கவில்லை. படித்தவர் என்பதற்கான அடையாளமாக, தோளில் போட்ட துண்டைப் போல் நிற்கிறது. அதை நீக்கச் சொல்லும் மெய்ப்புத் திருத்துபவர் பட்டத்தையே பிடுங்கிவிட்டதாகக் குற்றம் சாட்டப்படுவார்.

விதியைப் பழுதின்றிப் பின்பற்றிய ஆவணம் ஒன்றைக் காட்ட வேண்டுமானால் இந்திய அரசமைப்பின் ஏழாவது அட்டவணையைக் காட்டலாம். அதன் பொதுப்பட்டியலில் ஐந்தாம் இனம் திருமணத்தில் தொடங்குகிறது. திருமணமும் மணமுறிவும்; குழந்தைகளும் சிறாரும்; தத்தெடுத்தல்; உயில், உயிலின்றி இறத்தல், வாரிசுரிமை; கூட்டுக்குடும்பமும் பாகப்பிரிவினையும் என்று அரைப்புள்ளிகளை ஊன்றியபடி அது நடக்கிறது. ஒரு கூட்டுக்குடும்பத்தின் கதை முழுவதும், நடந்த வரிசையிலேயே, ஐந்து வேலிகளுக்குள் அடங்கிவிட்டது. மாநிலப் பட்டியலின் ஆறாம் இனத்தில் பொதுச் சுகாதாரமும் துப்புரவும் ஒரு பக்கம், மருத்துவமனைகளும் மருந்தகங்களும் மறுபக்கம். நடுவே ஓர் அரைப்புள்ளி. பத்தாம் இனத்தில் புதைப்பதற்கும் எரிப்பதற்கும் இடையே அதே குறி நிற்கிறது. மயானம் வரை ஒழுங்கு தவறாத வேறு பட்டியல் இதுவரை அகப்படவில்லை.

மளிகைச் சீட்டு இந்த ஆராய்ச்சிக்கு நெடுநாள் கட்டுப்படாமல் இருந்தது. அதில் உருப்படிக்கு ஒரு வரி. வரி முடிவே வேலி. குறியே இல்லாமல் குழப்பமும் இல்லாமல் தலைமுறைகள் பருப்பு வாங்கியிருக்கின்றன. சீட்டு வாட்ஸப்புக்குப் போய், வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிய பிறகுதான் நோய் வெளிப்பட்டது. ‘துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து அரை கிலோ’ என்று வந்தால் அரை கிலோ எதற்கு? உளுந்துக்கு மட்டுமா, மூன்றுக்கும் சேர்த்தா, ஒவ்வொன்றுக்குமா? அரைப்புள்ளியால் முதல் ஐயத்தைத் தீர்க்கலாம். பின்னிரண்டுக்கும் அது ஒன்றும் செய்யாது. கடைக்காரர்களிடம் இதற்குத் தனிச்சொல் உண்டு: ‘வகைக்கு அரை கிலோ’. எழுத்தில் ‘தலா’ என்றும் வரும். எந்த நிறுத்தக்குறியாலும் ஆகாத காரியத்தை ஒரு சொல் முடிக்கிறது.

எண்கள் வரும் பட்டியல் தனி எச்சரிக்கைக்கு உரியது. ஆயிரம், லட்சம் பிரிக்கவும் காற்புள்ளியே பயன்படுவதால், ‘1,500, 2,000, 3,250’ என்ற வரியில் ஒரே குறி இரண்டு உத்தியோகம் பார்க்கிறது. காப்பாற்றுவது நடுவில் உள்ள சிறு இடைவெளி ஒன்றுதான். மொய்நோட்டில் கட்டம் போட்டிருப்பதால் இச்சிக்கல் இல்லை. கட்டத்தை விட்டு ஒரே வரியில் எழுதினால் ‘வஞ்சி, சேரன், 1,001, உறையூர், சோழன், 501, மதுரை, பாண்டியன், 2,001’ என்று வரும். காற்புள்ளியை மட்டும் நம்பிப் பிரித்தால் 11 துண்டுகள். சேரன் ஒரு ரூபாய் வைத்தான் என்று படிக்கவும் அதில் இடமிருக்கிறது. திருப்பிச் செய்யும்போது இப்படிப் படித்துவிட்டால் இரண்டு குடும்பங்களுக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். ஆளுக்கு ஆள் அரைப்புள்ளி இட்டால் உறவு நிலைக்கும்.

எஞ்சிய சிறு விதிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். பட்டியலில் ஓர் இடத்தில் வெளிப்பிரிவுக்கு அரைப்புள்ளி இட்டால் அதே நிலையில் உள்ள எல்லா இடத்திலும் இட வேண்டும். உள்ளே காற்புள்ளியே இல்லாத கடலைமிட்டாய்க்கும் அதே மரியாதை. உள்ளே எதிலும் காற்புள்ளி இல்லாத பட்டியலுக்கு அரைப்புள்ளி ஆடம்பரம். அரைப்புள்ளிக்கு முன் இடம் விடக் கூடாது, பின் விட வேண்டும். உள்ளுக்குள் உள்ளாக மூன்றாம் அடுக்கு வந்தால் முக்காற்புள்ளியைத் தேடாமல் பட்டியலை இரண்டாக உடைக்க வேண்டும். கடைசி உருப்படிக்குப் பின் முற்றுப்புள்ளி. அந்த இடத்தில் ‘முதலியன’ என்று எழுதுவது கட்டுரைகளில் அனுமதிக்கப்படும். விருந்துப் பட்டியலில் கூடாது. சமையற்காரர் அதை ‘வேறொன்றும் இல்லை’ என்று படிப்பார், சம்பந்தி வீட்டார் ‘ஐஸ்கிரீம்’ என்று படிப்பார்கள்.